அப்டேட் அக்காவும் அறுபத்தோரு கருத்துகளும்

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் வேறு. ஆனால் கேக் கடைக்காரரிலிருந்து பல் டாக்டர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் அப்டேட் அக்காதான். வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். சர்வேயர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பறவைகளைப் பற்றி வலைப்பதிவு எழுதும் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர், போனை எடுத்ததும் எடுக்காததுமாக, "அக்கா, என் பிளாக் படுத்துடுச்சு" என்பார். அக்காவுக்கு வயது நாற்பத்தைந்து. "படுத்தா எழுப்பிடலாம் சார், நீங்க பதறாதீங்க" என்பாள் இவள். பெரும்பாலும் பத்து நிமிஷத்தில் எழுப்பியும் விடுவாள்.

அவளுடைய ஆபீஸ் என்பது கணவரின் ஜெராக்ஸ் கடையில் ஒரு மூலை. முன்னால் மூன்று பெரிய நகல் இயந்திரங்கள், பின்னால் ஒரு பிளைவுட் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் ஒரு மேசை, இரண்டு திரைகள், கைப்பிடி உடைந்து டேப் சுற்றிய ஒரு நாற்காலி. சூடான காகித வாசனை நாள் முழுக்க அடிக்கும். அந்த மூலையில் உட்கார்ந்துகொண்டு முப்பத்தேழு பேருடைய வலைப்பதிவுகளை அவள் மேய்க்கிறாள். மேய்ப்பது என்று அவளே சொல்வதுதான்.

எழுதுகிறவர்களுக்கு எழுதத்தான் தெரியும். தாங்கள் எழுதுவது எதன் மேல் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார்கள். அடியில் ஒரு மென்பொருள் ஓடுகிறது. அதன் மேல் தோற்றத்துக்கு ஒரு தீம். படம் காட்ட, கருத்துப் பெட்டி வைக்க, விளம்பரக் குப்பையை வடிகட்ட என்று தனித்தனியாகப் பத்துப் பதினைந்து பிளகின்கள். இவை ஒவ்வொன்றுக்கும் அவ்வப்போது புதுப் பதிப்பு வரும். ஒன்றைப் புதுப்பித்தால் இன்னொன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். கேக் கடைக்காரர் ஒருமுறை ஆர்வக் கோளாறில் தானே எல்லாவற்றையும் ஒரே அமுக்காக அமுக்கிப் புதுப்பித்துவிட்டு, கேக் படங்கள் இருந்த இடமெல்லாம் வெள்ளைக் கட்டமாக மாறியதைப் பார்த்து அழாத குறையாக ஓடிவந்தார். "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்துட்டீங்களே" என்று திட்டிக்கொண்டே சரிசெய்து கொடுத்தாள். அன்றிலிருந்து அவர் அந்தப் பொத்தான் பக்கமே போவதில்லை.

அவளுக்கென்று சில சட்டங்கள் உண்டு. திங்கட்கிழமை எல்லா வலைப்பதிவுகளுக்கும் நகல் எடுப்பாள். பேக்கப் எடுக்காமல் ஒரு சுண்டு விரலைக்கூட வைக்க மாட்டாள், தலைகீழாக நின்று கேட்டாலும் சரி. செவ்வாய்க்கிழமைதான் அப்டேட். அன்றைக்கே முப்பத்தேழின் விளம்பரப் பெட்டிகளையும் குப்பைக் கூடைகளையும், முப்பத்தெட்டாவதாகத் தன்னுடையவற்றையும், திறந்து பார்க்காமல் ஒரே அழுத்தில் காலி செய்வாள். கடன் வேண்டுமா, முடி வளரணுமா, வீட்டிலிருந்தே சம்பாதிக்கணுமா என்று வாரத்துக்கு ஆயிரக்கணக்கில் வந்து விழும் விளம்பரக் கருத்துகளை எந்த மகராசி படிப்பாள்? எடுத்த நகல் எதையும் தூக்கிப் போட மாட்டாள். அது இன்னொரு சட்டம். "எனக்கு ரெண்டு சட்ட வைக்க அலமாரியில எடமில்ல, ஊரான் பிளாக்குக்கு மூணு மூணு காப்பி" என்று கணவர் முனகுவார். முனகிவிட்டு, புது ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்து கொடுப்பதும் அவர்தான்.

இன்னும் ஒன்று. எழுதி முடிக்காமல் வைத்திருக்கும் வரைவுகளை அவள் படிக்கவே மாட்டாள். முப்பத்தேழு பேருடைய சாவியும் அவளிடம் இருக்கிறது, எதை வேண்டுமானாலும் திறக்கலாம். ஆனால், "கொழாய் ரிப்பேருக்கு வந்தவ பீரோவத் தெறக்கலாமா?" என்பாள். யாராவது சொந்தக்காரரைப் பற்றியோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியோ எழுதப்போவதாகச் சொன்னால் மட்டும், கேட்காமலே ஒரு புத்திமதி வந்து விழும். "மொதல்ல அந்த ஆளுக்குப் படிச்சுக் காட்டுங்க. அப்பறம் வெளியிடுங்க."

இந்தப் புத்திமதியை அவள் சும்மா பெறவில்லை. அண்ணனைக் கொடுத்துப் பெற்றாள்.

அவளுக்கு ஒரே அண்ணன், ஆறு வயது மூத்தவன், பஸ் டிரைவர். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போன பிறகு, அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்ததும் அவன்தான், ஜெராக்ஸ் கடைக்கு முதல் இயந்திரத்தைத் தோள்கொடுத்து இறக்கியதும் அவன்தான். அந்த நாட்களில் அவளுடைய சொந்த வலைப்பதிவில் அப்டேட்டைப் பற்றியோ பேக்கப்பைப் பற்றியோ ஒரு வரி இருக்காது. வீட்டில் நடக்கும் கூத்துகளைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். நன்றாகவும் எழுதினாள். வினை அதில்தான் இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் அண்ணன் இருபத்திரண்டு பயணிகளோடு பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்தவன், ஏதோ யோசனையில், வழித்தடத்தை விட்டுத் தன் வீட்டுத் தெருவில் திரும்பிவிட்டான். வாசலில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, இறங்கிச் செருப்பையும் கழற்றிவிட்டான். அப்போது ஒரு பயணி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "டிரைவர், இது எந்த ஸ்டாப்?" என்று கேட்டார். அண்ணி இதைப் போனில் சொல்லச் சொல்ல அவளுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. போனை வைத்த கையோடு உட்கார்ந்து எழுதினாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுடைய பஸ் நம்பரைக்கூட மாற்றவில்லை.

அந்தப் பதிவு அவள் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது. நாலாயிரம் பேர் பகிர்ந்தார்கள். நாலாயிரத்தில் ஒருத்தர் டிப்போ மேலாளர். அண்ணனுக்குப் பதினைந்து நாள் வேலையில்லை என்று உத்தரவு வந்தது. அந்த வருஷம் வருவதாக இருந்த பயிற்சியாளர் பதவி வேறொருவருக்குப் போனது.

அண்ணன் பதிவுக்குக் கீழேயே, ஊர் பார்க்க, கருத்து எழுதினான். "உனக்குச் சிரிப்பு. எனக்குப் பொழப்பு. எழுதறதுக்கு என் மானம்தான் கெடச்சுதா உனக்கு?" அப்போதாவது அவள் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் அவளுக்கும் மூக்குக்கு மேல் கோபம் வருகிற வயசு. முன்பின் தெரியாத நாலு பேர் வேறு, "நல்லாத்தான எழுதியிருக்கீங்க, இதுல என்ன கோபம்?" என்று ஏற்றிவிட்டார்கள். போனில் இருவரும் மாறி மாறிக் கத்தினார்கள். யார் முதலில் வைத்தார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. அவள் அவன் எழுதிய கருத்தை அழித்தாள். அதே ஆத்திரத்தில் இன்னும் எதையெதையோ அமுக்கினாள். மூன்றாம் நாள் பதிவையே எடுத்துவிட்டாள். எடுத்து என்ன? போன பதவி திரும்பி வருமா?

பதினைந்து நாளில் கோபம் போய்விட்டது. கோபம் போன இடத்தில் வெட்கம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அதற்குள் அண்ணனை எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கும் வேறொரு டிப்போவுக்கு மாற்றிவிட்டார்கள். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், ஓடிப்போய்க் காலில் விழுந்துவிடலாம் என்று இருந்தாள். நாமே கூப்பிட்டு, அவன் எடுக்காமல் போனால் என்ன செய்வது என்ற பயம். இந்த இடத்தில் அவளைக் கொஞ்சம் திட்டத்தான் வேண்டும். தப்புச் செய்தவள் இவள், முதல் வார்த்தை அவனிடமிருந்து வரவேண்டுமாம்! ஆனால் திட்டுவது சுலபம். அவரவர் வீட்டிலும் இப்படி ஒரு போன் நம்பர் இருக்கத்தான் செய்கிறது.

அண்ணி மட்டும் அவ்வப்போது பேசுவாள், பிள்ளைகளின் படம் அனுப்புவாள். "அண்ணன் ஏதாச்சும் சொன்னானா அண்ணி?" என்று இவள் கேட்டால், "அவரா? உன் பேர எடுத்தாலே எழுந்து வெளிய போயிடறாரு" என்பாள். ஒரு கட்டத்துக்கு மேல் இவள் கேட்பதை விட்டுவிட்டாள். ஆனால் ஒன்றை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு செவ்வாயும், முப்பத்தேழு பேருடைய வேலையைத் தொடுவதற்கு முன்னால், தன் வலைப்பதிவைத் திறந்து, ஒப்புதலுக்குக் காத்திருக்கும் கருத்துகளில் அண்ணன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பாள். இருக்காது. பார்த்துவிட்டு வேலையை ஆரம்பிப்பாள். ஒன்பது வருஷம் இப்படியே ஓடியது. அதற்குப் பிறகு அவள் மனிதர்களைப் பற்றி எழுதவில்லை. கருவிகளைப் பற்றித்தான் எழுதினாள். பாஸ்வேர்டைப் பலமாக்குவது எப்படி, படங்களைச் சிறிதாக்குவது எப்படி என்று.

போன மாதம் ஒரு புதன்கிழமை, பல் டாக்டர் கேட்டுக்கொண்டதால், பழைய நகலிலிருந்து வலைப்பதிவை மீட்டெடுப்பது எப்படி என்று ஒரு பதிவு எழுத உட்கார்ந்தாள். படிப்படியாக ஸ்கிரீன்ஷாட் படங்களோடு காட்ட வேண்டும். மற்றவர்களுடைய நகலைத் திறந்தால் அவர்கள் வரைவுகளெல்லாம் படத்தில் தெரியும். ஆகவே தன்னுடைய பழைய நகல் ஒன்றையே எடுத்தாள், நாலு வருஷத்துக்கு முந்தையது. எடுத்து வைக்கும் நகலைத் திறந்து சோதிக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள், தன்னுடையதை ஒரு தடவையும் சோதித்ததில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பது சும்மா இல்லை.

மேசையில் இருந்த சோதனைக் கணினியில் நகலை ஏற்றினாள். எல்லாம் அழகாக எழுந்து நின்றது. ஒரு மூலையில் மட்டும், குப்பையில் ஒரு கருத்து இருப்பதாக '1' என்று காட்டியது. படத்தில் அது அசிங்கமாகத் தெரியுமே என்று காலி செய்யப் போனாள். அந்தச் சோதனைக் கணினியில் மொத்தமாகக் காலி செய்யும் பொத்தான் ஏனோ வேலை செய்யவில்லை. சரி, திறந்து கையால் அழித்துவிடலாம் என்று திறந்தாள்.

'படங்களைச் சிறிதாக்குவது எப்படி' என்ற பதிவுக்குக் கீழே எழுதப்பட்டிருந்தது அந்தக் கருத்து. "ஒண்ணும் புரியல. ஆனா நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். பெரியவ பரீட்சையில பாஸ் பண்ணிட்டா." பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "அண்ணன்" என்று மட்டும் இருந்தது. கீழே அவனுடைய மின்னஞ்சல் முகவரி.

 முதலில் அவள் யோசித்தது தொழில்காரியாகத்தான். இது ஏன் குப்பைக்குப் போனது? வடிகட்டி பிடித்திருந்தால் விளம்பரப் பெட்டிக்கு அல்லவா போயிருக்கும்? நேராகக் குப்பைக்குப் போகவேண்டுமானால் அதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. அமைப்புகள் பக்கத்தைத் திறந்து, தடைப்பட்டியல் என்ற பெட்டியைப் பார்த்தாள். கடன், மருந்து, சூதாட்டம் என்று இருபது முப்பது சொற்கள். அவற்றுக்கெல்லாம் மேலே, முதல் வரியில், அண்ணனின் முகவரி.

அவளே போட்டது. சண்டை நடந்த அன்றைக்கு, ஆத்திரத்தில் எதையெதையோ அமுக்கினாளே, அதில் ஒன்று. போட்டதை மறந்துவிட்டாள். உண்மையாகவே மறந்துவிட்டாள். அந்த ஒன்பது வருஷத்தில் அவளுடைய வலைப்பதிவு நாலு சர்வர் மாறியது, இரண்டு முறை மென்பொருளே மாறியது. ஒவ்வொரு தடவையும் ஒரு எழுத்துச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன் என்று எல்லாரிடமும் பெருமை பேசினாள். வேறு யாராவது அரைகுறையாகச் செய்திருந்தால் வழியில் எங்காவது அந்த வரி உதிர்ந்து போயிருக்கும். வேலை சுத்தமாகத் தெரிந்தவள் என்பதால் பதினைந்து நாள் கோபத்தை ஒன்பது வருஷம் பத்திரமாகச் சுமந்து வந்திருக்கிறாள்.

ஒன்று இருந்தால் இன்னும் இருக்குமே. இப்போதைய குப்பையில் எதுவும் இல்லை, நேற்றுத்தான் காலி செய்தாள். ஆனால் திங்கட்கிழமை எடுக்கும் நகலில், செவ்வாய்க்கிழமை காலியாகப்போகும் குப்பையும் சேர்ந்துதானே இருக்கும்? ஹார்ட் டிஸ்க்குகளை வரிசையாகச் சொருகினாள். நானூற்று எழுபது திங்கட்கிழமைகள். எல்லாவற்றிலும் அந்த முகவரியைத் தேடச் சொல்லிவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் யாரோ கல்யாணப் பத்திரிகையை இருநூறு நகல் போடச் சொல்லி நின்றார்கள். இயந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது. அது முடிவதற்குள் தேடலும் முடிந்துவிட்டது. அறுபத்தொன்று.

ஒவ்வொன்றாகப் படித்தாள். ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒன்று வீதம் எழுதியிருக்கிறான். வலைப்பதிவைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாதவன், அவள் என்ன எழுதினாலும் அதைப் படித்து, அதற்குக் கீழே வந்து எழுதியிருக்கிறான். பாஸ்வேர்டைப் பற்றிய பதிவில், "நான் நம்ம வீட்டு நாயோட பேரத்தான் வச்சிருக்கேன். மாத்தணுமா?" சர்வர் மாற்றுவதைப் பற்றிய பதிவில், "சாமான் எல்லாம் பத்திரமா வந்துச்சா? நாங்களும் வீடு மாறிட்டோம். மாடி. முட்டி வலிக்குது." அடிக்கடி பேக்கப் எடுக்கச் சொன்னதில், "எடுக்கறேன்" என்று ஒரே ஒரு வார்த்தை. எதை எடுத்தானோ, பாவம்.

ஒவ்வொரு தடவை எழுதி முடித்ததும் அவன் திரையில் என்ன வந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த வாசகத்தைத் தமிழில் எழுதிப் போட்டதே அவள்தான். 'உங்கள் கருத்து ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது. நன்றி.' அறுபத்தோரு தடவை அதைப் பார்த்திருக்கிறான். அவள் எல்லாவற்றையும் படிக்கிறாள், படித்துவிட்டு ஒப்புதல் கொடுக்காமல் வைத்திருக்கிறாள் என்று அவன் நினைத்திருப்பான். வேறு எப்படி நினைப்பான்?

கடைசியாக அவன் எழுதி ஆறு வாரம் ஆகிறது. "ஒப்புதல் குடுக்கும்போது குடு. அவசரமில்ல. ஆனா நான் இனிமே எழுதல. உனக்குத் தொந்தரவா இருக்கோன்னு தோணுது. ஒடம்பப் பாத்துக்கோ." அதற்கு அப்புறம் வந்த ஆறு திங்கட்கிழமை நகல்களில் ஒன்றுமே இல்லை.

அவள் சத்தம் போட்டு அழுதாள். நகல் இயந்திரச் சத்தத்தில் முன்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. கணவருக்கு மட்டும் எப்படியோ கேட்டது. தடுப்பைத் தாண்டி வந்து, திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். விஷயம் புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் பக்கத்தில் இருந்த காகிதக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போன் பண்ணு" என்றார்.

"என்னன்னு சொல்ல? எப்டிங்க சொல்ல?"

"டெக்னிக்கல் ஃபால்ட்டுனு சொல்லு. தெனமும் நாலு பேருக்குச் சொல்றதுதானே? வடிகட்டி தப்பாப் புடிச்சிடுச்சுன்னு சொல்லு. மச்சானுக்கு என்ன தெரியப்போகுது?"

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அந்த வாக்கியம் அவளுக்கு நாக்கு நுனியில் இருப்பதுதான். அண்ணன் நம்பவும் செய்வான். நாய் பெயரைப் பாஸ்வேர்டாக வைத்திருப்பவன் எதைத்தான் நம்ப மாட்டான்? எல்லாப் பழியையும் இயந்திரத்தின் தலையில் கட்டிவிட்டு, அழுது, சிரித்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்துவிடலாம். உண்மையைச் சொன்னால், ஆறு வாரத்துக்கு முன்னால் பாதிக் கதவைச் சாத்தியவன் முழுக்கச் சாத்திவிட்டுப் போனாலும் போகலாம். அதைத்தான் அவளால் தாங்க முடியாது. இன்னொரு ஒன்பது வருஷம் காத்திருக்க அவளிடம் தெம்பில்லை.

அண்ணியிடமிருந்து அவனுடைய இப்போதைய நம்பரை வாங்கினாள். மத்தியான ஓட்டம் முடிந்து இரண்டரைக்கு டிப்போவுக்கு வருவான் என்றாள் அண்ணி. எதற்கு என்று கேட்கவில்லை, நல்ல வேளை. இரண்டு முப்பத்தைந்துக்கு அவள் கூப்பிட்டாள். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டான்.

"யாரு?"

"நான்தாண்ணா."

அந்தப் பக்கம் பஸ்கள் உறுமும் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம்.  அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்.

"ஒப்புதல் குடுத்துட்டியா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. "இல்லண்ணா. நீ எழுதினத இன்னிக்குத்தான் பாத்தேன். எல்லாத்தையும் இன்னிக்குத்தான் பாத்தேன்."

"இன்னிக்குத்தானா?" என்றான். கொஞ்சம் யோசித்தான். "மெஷின்ல ஏதாவது கோளாறா?"

அவனே எடுத்துக் கொடுத்துவிட்டான். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்த கணவர் வேகமாகத் தலையாட்டினார்.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்லண்ணா. நான்தான். நாம சண்ட போட்ட அன்னிக்கு, நீ எது எழுதினாலும் என் கண்ணுல படாம நேரா குப்பைக்குப் போற மாதிரி நான்தான் தடுத்து வச்சேன்."

"ம்."

"பதினஞ்சு நாள்ல என் கோபம் போயிடுச்சு. தடுத்தத எடுக்க மறந்துட்டேன்."

"ஒம்போது வருஷமாவா?"

"ஒம்போது வருஷமா."

 பஸ் ஒன்று பின்னால் நகரும் சத்தமும், யாரோ அதைத் தட்டித் தட்டி வழி சொல்லும் சத்தமும் கேட்டது. அவள் போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வைத்துவிடுவான், இதோ வைத்துவிடுவான் என்று நினைத்தாள்.

"நீ படிக்கிறன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்" என்றான். குரல் இறங்கிப் போயிருந்தது. "கோவமா இருக்கா, பதில் போட மாட்டா, ஆனா படிக்கிறா. நாம நல்லா இருக்கோம்னு அவளுக்குத் தெரிஞ்சா போதும்னுதான் எழுதினேன். உன் அண்ணிக்குக்கூடச் சொல்லல."

 ஒன்பது வருஷத்தில் அவளுக்கு இவ்வளவு வலித்ததில்லை. அவன் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"ஒவ்வொரு செவ்வாக்கெழமையும் உன் பேர் இருக்கான்னு தேடுவேண்ணா. தப்பான எடத்துல தேடிட்டு இருந்திருக்கேன். என்ன மன்னிச்சிடு. இதுக்கும், அந்த பஸ் கதைக்கும் சேத்து."

"எது, அதுக்கா?" அவன் குரலில் சின்னதாக ஒரு ஆச்சரியம். "அதப் பத்தி மொதத் தடவையே எழுதிட்டேனே. அது உன்கிட்ட இருக்கா, இல்ல போயிடுச்சா?"

"இருக்கு. எல்லாம் இருக்கு. ஒண்ணுகூடப் போகல."

"என்ன எழுதியிருந்தேன்? எனக்கே மறந்துபோச்சு. படி கேப்போம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் நகலைத் திறந்தாள். சண்டை போட்ட பன்னிரண்டாம் நாள் எழுதியது அது. அப்போது அவளுடைய கோபம்கூடத் தீர்ந்திருக்கவில்லை. படித்தாள்.

"'டிப்போவுல எல்லாரும் உன் கதைய சத்தமாப் படிச்சுப் படிச்சு சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அவங்க முன்னால சிரிக்கக் கூடாதுன்னு பஸ்ஸுக்குப் பின்னால போயி நின்னு சிரிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம், அவ்ளோதான். நானும் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. சரி விடு. சாப்பிட்டியா?'"

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"ம். சரி, பதில் சொல்லு."

"எதுக்குண்ணா?"

"கேட்டிருக்கேன்ல கடைசியில? அதுக்கு."

அவள் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றாகப் போகிறது. காலையில் நகலைத் திறந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

"இன்னும் இல்லண்ணா" என்றாள்.

"மணி என்ன ஆவுது!" அண்ணன் சத்தம் போட்டான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போட்ட அதே சத்தம். "போ, மொதல்ல சாப்பிட்டுட்டு வா. மிச்சத்த அப்பறம் படிக்கலாம். நான் லைன்லயே இருக்கேன்."

அவள் போனை மேசை மேல் வைத்தாள். கணவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவள் முன்னால் நகர்த்திவிட்டு, முன்பக்கம் போனார். அவள் சாப்பிட்டாள். இரண்டு வாய்க்கு ஒரு தடவை போன் திரையைப் பார்த்துக்கொண்டாள். நிமிஷங்கள் ஏறிக்கொண்டே இருந்தன. அவன் வைக்கவில்லை.